மருமகள் மாடிக்குப் போனாள்

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுவது என் பொறுப்பு. குளத்துத் தண்ணீரை யாருடைய வயலுக்கு முதலில் திறந்துவிடுவது என்று தோப்பூர்ப் பக்கத்து விவசாயிகள் ஒரு முழுக் காலைப்பொழுதும் மேசையைத் தட்டிச் சண்டை பிடிப்பார்கள். ஒருவர் மற்றவருடைய தகப்பனை இழுப்பார். இன்னொருவர் இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று எழுந்து போய், தேத்தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் திரும்பி வந்து உட்காருவார். இவ்வளவையும் நான் 'நீர் விநியோகம் தொடர்பாகக் கலந்துரையாடப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அதில் பிழை சொன்னவர்கள் இதுவரை இல்லை. வாசித்தவர்கள் இருந்தால்தானே.

ஆகவே ஒரு கதையை எவ்வளவு நீளத்துக்குச் சொல்லலாம் என்ற விஷயத்தில் நான் கட்சி சார்ந்தவன். சுருக்கக் கட்சி. என் அலுமாரியில் இருக்கும் நாவல்கள் எல்லாம் தலையணைத் தடிப்பு என்பது உண்மைதான். மற்றவர்கள் நீட்டி எழுதட்டும், அது அவர்கள் பாடு. நான் சொன்னால் சுருக்கமாகத்தான் சொல்வேன். இந்தக் கொள்கை என் மனைவியின் தவக்காலம் வரைக்கும் நின்றுபிடித்தது.

நாங்கள் கத்தோலிக்கர். சரியாகச் சொன்னால் என் மனைவி கத்தோலிக்கர். நான் கோவிலில் கடைசி வாங்கில், மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் ஆள். தவக்காலத்தில், சாம்பல் பூசும் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும், நமக்குப் பிரியமான எதையாவது விட்டுவைக்க வேண்டும். ஒறுத்தல் என்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது. ஆனால் துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிற சனத்துக்கு இறைச்சியை விட்டு மீன் சாப்பிடுவது என்ன ஒறுத்தல்? எங்கள் வீட்டில் கணவாய்க் கறி வைக்கிற நாளே வெள்ளிக்கிழமைதான். பாதர் ஒருமுறை பிரசங்கத்தில் இதைச் சொல்லிக் கண்டித்தார். அன்றைக்கு மத்தியானம் அவருக்கு யாரோ இறால் பொரித்துக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"விட ஏலாததை விட்டாத்தான் அது ஒறுத்தல்," என்றாள் மனைவி. அவளுக்கு விட ஏலாதது ஒன்றே ஒன்று. பின்னேரம் நான் அலுவலகம் விட்டு வரும் நேரத்துக்குத் தொடங்கும் இந்தியத் தொலைக்காட்சி நாடகம். திங்கள் முதல் சனிவரை, வருடக்கணக்காக. அந்த வீட்டு மாமியாருக்கு எந்த முழங்காலில் நோவு என்பது அவளுக்குத் தெரியும். எனக்கு எந்த முழங்காலில் என்று கேட்டால் யோசிப்பாள்.

விடுவதற்கான காரணம் எங்கள் முன்னறையில் படுத்திருந்தது. அவளுடைய தங்கை, என் மச்சாள். வயிற்றில் மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த முறை டொக்டர், எழும்பி நடமாடவே கூடாது, படுத்தபடிதான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவளுடைய புருசன், என் சகலன், புல்மோட்டையில் மணல் ஆலையில் வேலை. அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அவசரத்துக்கு வர ஏலாது என்று அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். படுத்திருக்கிறவள் பொழுதுக்கு என்ன செய்வாள்? தொலைக்காட்சிப் பெட்டியையும் முன்னறைக்கு மாற்றினோம்.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், அதுவரை நாடகத்தைப் பார்ப்பதில்லை, உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் கண்டிப்பாக இல்லை என்று நேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

"அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எனக்காக நேந்தவ எண்டு தெரிஞ்சா, ஏன் அக்கா, டொக்டர் என்னவும் சொன்னவரோ எண்டு துவங்கீடுவாள்."

இப்படியாக, நேர்ந்தவள் குசினிக்குள்ளும், நேர்த்திக்குரியவள் நாடகத்தின் முன்னும், நான் நடுவிலுள்ள கதவடியிலும் என்று இடங்கள் அமைந்தன.

முதல் நாள் நாடகம் தொடங்கியதும் குசினியில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. காதுக்குள் கதை விழக்கூடாது என்று திருவுகிறாள். முடிவுப் பாட்டு வந்ததும் சத்தம் நின்றது.

"இஞ்சருங்கோ."

போனேன். அடுத்த நாளைக்கும் காணும் அளவுக்குத் தேங்காய்ப்பூ.

"என்ன நடந்ததெண்டு மட்டும் சொல்லுங்கோ. சுருக்கமா."

"நேந்ததெல்லோ?"

"பாக்கிறதில்லை எண்டுதானே நேந்தனான். கேக்கிறது வேற. ஆனா நல்லாச் சொல்லிப்போடாதேங்கோ."

என் வாழ்க்கையில் எவரும் என்னிடம் இப்படி ஒரு தகுதியைக் கேட்டதில்லை. தங்கச்சியிடமே கேட்கலாமே என்றேன். அவள் சொன்னால் மாமியாரின் குரலிலேயே சொல்வாள், மூக்கைச் சுளிப்பாள், அழுவாள். அது பார்த்தது மாதிரியே ஆகிவிடுமாம்.

"நீங்கள் சொன்னா ஆருக்கும் பாக்கிற ஆசை வராது," என்றாள். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு கிடைத்த பாராட்டு. பத்தியக்காரிக்குச் சோறு கொண்டுபோகும் மரியாதையோடு நான் தொடங்கினேன்.

"மாமியார் கோபமா இருக்கிறா."

"அவ எண்டைக்குச் சந்தோசமா இருந்தவ? ஏன் கோபம்?"

"சாவி."

"என்ன சாவி?"

"அலுமாரிச் சாவி. ரெண்டாவது மருமகளிட்ட இருக்கு."

"அவளிட்ட எப்பிடிப் போனது?" திருவலையை விட்டு எழும்பிக் கிட்ட வந்தாள்.

நானும் மனிதன்தான். கேட்கிற ஆள் கிட்ட வந்தால் எந்தக் குறிப்பெழுத்தனும் கொஞ்சம் நீட்டுவான். மாமியார் தலைமுழுகப் போனதையும், இடுப்புச் சாவிக்கொத்தை மேசையில் கழற்றி வைத்ததையும், யன்னல் சீலைக்குப் பின்னால் ஒரு கால் தெரிந்ததையும் சொன்னேன். கால் என்றதும் மனைவி தேங்காய்ப்பூக் கையாலேயே இரண்டு காதையும் பொத்தினாள்.

"காணும்! காணும்! இது கூடிப்போச்சு."

தண்டமாக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லிவிட்டு, நாளைக்குக் குறைத்துச் சொல்லுங்கோ என்றாள். மறுநாள் நான், "நாடகம் நடந்தது," என்றேன். அன்றிரவு மீனில் வாய் வைக்க முடியாத அளவு உப்பு. அது கைதவறி விழுந்த உப்பு அல்ல என்பதைக் கணவன்மார் அறிவார்கள்.

பாதரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவள் போனாள். பாதர் சிரிக்காமல் கேட்டாராம். கேட்டுவிட்டு, உங்கட மனசாட்சி என்ன சொல்லுதோ அப்பிடி நடவுங்கோ என்றாராம். மனசாட்சி சொல்வது தெரிந்திருந்தால் அவரிடம் ஏன் போகிறாள்?

அந்த முறை எங்கள் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரர் கிண்ணியா ஆள். நோன்பு வைத்துக்கொண்டு, வாய் வறண்டு, என்னுடைய தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்க்காமல் இருக்க யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் என் சங்கடத்தைச் சொன்னேன். அவர் பாதரைப் போல அல்ல; நன்றாகச் சிரித்தார். பிறகு நோன்பாளியின் அதிகாரத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இஞ்ச பாருங்க மச்சான். நோன்புக்குக் கஞ்சி காச்சுற பொம்பிளைக்கு உப்புச் சரியா எண்டு பாக்கணும்தானே? நாக்கு நுனியில வெச்சிப் பாக்கலாம். பாத்திட்டுத் துப்பிரணும். முழுங்கினாத்தான் நோன்பு முறியும்."

"அப்ப நான் சொல்லுறது நாக்கு நுனியளவு இருக்கவேணும்."

"அவ்வளவுதான். உப்பு இரிக்கா, இல்லையா. கறி என்ன ருசி எண்டு செல்லக் கூடாது." சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். "அது சரி, அந்தச் சாவி எப்பிடி அவளுக்குக் கிடைச்ச?"

இந்த அளவுகோல் எங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரு நாளைக்கு ஒரு வசனம். யார், என்ன செய்தார் என்று மட்டும். ஏன், எப்படி, அப்போது முகம் எப்படி இருந்தது என்பவை விலக்கு. 'மாமியார் சாவியைக் கண்டுபிடித்தார்.' 'மூத்த மகன் வெளியூரிலிருந்து வந்தான்.' இவ்வளவும் கூட்டக் குறிப்பு எழுதுகிறவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மனைவி ஒவ்வொரு வசனத்தையும் வாங்கி, கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்திருந்துவிட்டுத் தேங்காய்க்குத் திரும்பினாள். அவள் துப்பினாளா, முழுங்கினாளா என்று நான் பார்க்கவில்லை. அது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையிலான விஷயம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாடகத்தில் இளைய மருமகளுக்குப் பிள்ளை உண்டாயிற்று.

நாடகம் பார்க்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வீட்டில் ஒரு மாடிப்படி உண்டு. வளைந்து இறங்கும் பெரிய படி, பித்தளைக் கைபிடி. வீட்டில் ஒரு கர்ப்பிணியும் ஒரு மாடிப்படியும் இருந்தால் கதை எழுதுகிறவருக்குக் கை சும்மா இருக்காது. மச்சாளுக்கும் அது தெரியும். எங்கள் வீட்டில் படி என்று இருப்பது வாசலில் ஒன்று. அதுவும் பாதி மண்ணுக்குள். இருந்தாலும் அந்தப் படி திரையில் தெரியும்போதெல்லாம் அவள் கை வயிற்றின் மேல் போகும். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கவனித்ததை முன்னுக்கு இழுத்துச் சொல்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை இரண்டாவது மருமகள் மேல்படியில் எண்ணெய் ஊற்றினாள். இளைய மருமகள் காயப்போட்ட சீலைகளை எடுக்கப் படியேறினாள். வேலைக்காரர் நிறைந்த வீட்டில் சீலை எடுக்க அவளைத் தவிர ஆளில்லை. எடுத்துக்கொண்டு திரும்பினாள். காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, முடிவுப் பாட்டு வந்தது.

குசினியில் தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

"இஞ்சருங்கோ."

அந்தச் சில அடி தூரத்தில் நான் யோசித்தேன். தங்கச்சிக்காக நேர்ந்திருக்கிறவளிடம் எண்ணெய் என்று எப்படிச் சொல்வது? பொய்யும் சொல்ல முடியாது. அவளுக்கு என் பொய் முகம் தெரியும். ஆனால் எனக்கு ஒரு தொழில் இருக்கிறதே.

"இளைய மருமகள் மாடிக்குப் போனாள்," என்றேன்.

"ஓ," என்றாள். நாக்கு நுனி. போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் படி படியாக உருண்டாள். ஒவ்வொரு படியையும் மூன்று பக்கத்திலிருந்து காட்டினார்கள். வீடே கூடி அழுதது. குற்றம் செய்தவள் எல்லோரையும் விட உரத்து அழுதாள். அம்புலன்ஸ் வந்தது.

"இண்டைக்கு?"

"இளைய மருமகள் கீழ வந்திட்டாள்."

இதைவிட உண்மையான வசனம் எங்கள் அலுவலகக் கோப்புகளில் எதிலும் கிடையாது. அன்றைக்கு நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

பெருமை இரண்டு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை. மனைவி சிலுவைப் பாதைக்குப் போனாள். இயேசு மூன்று தரம் விழுகிற வழிபாடு அது. முடிந்து வெளியே வந்ததும் கோவில் முற்றத்தில் நின்ற பெண்கள் நாலாவதாக விழுந்தவளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் யாரும் நாடகத்தை விடவில்லை. ஒருத்தி சீனியை விட்டிருக்கிறாள், இன்னொருத்தி புருசனோடு கதைப்பதை விட்டிருக்கிறாள்.

மனைவி வந்து செருப்பைக் கழற்றாமலே குசினிக்குள் என்னைக் கூப்பிட்டாள். குரலை உயர்த்த முடியாது; முன்னறையில் தங்கை.

"கீழ வந்திட்டாளோ?"

"வந்தவதானே."

"எப்பிடி வந்தவ எண்டு சொன்னீங்களோ?"

"எப்பிடி எண்டு சொல்லக்கூடாதெண்டு நீர்தானே சொன்னீர்?"

"அவள் பாத்தவளோ?" முன்னறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"ஓம்."

"பாத்திட்டு?"

"பாத்திட்டு என்ன?"

"அழுதவளோ? பயந்தவளோ? வயித்தப் பிடிச்சவளோ? என்ன சொன்னவள்?"

எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்ப்படியில் பரப்பியிருந்த கம்பளத்தின் நிறத்தைச் சொல்லச் சொன்னால்கூடச் சொல்லியிருப்பேன்.

"நாடகம் பாக்கவோ உங்களை அங்க இருத்தினனான்?" என்றாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. திரும்பி அடுப்பைப் பார்த்து நின்றாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

புத்தகம் வாசிக்கிறவன் என்று ஊரில் எனக்கொரு பெயருண்டு. எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதுதான் வாசிப்பு என்று மேடையில் கதைத்தும் இருக்கிறேன். கைதட்டினார்கள். அவ்வளவு வாசித்தவனுக்கு, தினமும் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வி எதைப் பற்றியது என்று விளங்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து என் கதிரையைச் சற்றே திருப்பிப் போட்டேன். இப்போது திரை ஓரத்தில் இருக்க, மச்சாள் நடுவில் தெரிந்தாள். அவள் எப்போது மூச்சை இழுக்கிறாள், எப்போது தலையணையைச் சரிசெய்கிறாள் என்று கவனமாகப் பார்த்து வந்தேன்.

"அத்தான்," என்றாள் விளம்பரம் போகும்போது.

"என்ன பிள்ளை?"

"ரீவி அங்கால இருக்கு."

நான் திரையைப் பார்த்தேன். ஒரு சவர்க்காரம் நுரைத்துக்கொண்டிருந்தது.

"அக்காதானே பாக்கச் சொன்னவ?"

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் முகம் ஒப்புக்கொண்டிருக்கும்.

"அக்கா எனக்காகத்தான் விட்டவ எண்டு எனக்குத் தெரியும். தவக்காலத்துக்கு எண்டா அவ சீனிதான் விடுறவ. வருசா வருசம். இந்தமுறை நாடகத்தை விட்டிருக்கிறா எண்டா, சும்மாவோ?" சிரித்தாள். "எனக்குத் தெரியும் எண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பயந்துபோவா."

"சரி."

"இன்னொண்டு. அந்த வயித்துப் பிள்ளை," கண்ணால் திரையைக் காட்டினாள், "அது தப்பாது. எழுதிற ஆக்களைத் தெரியும்தானே. அது செத்தாலும் அக்காவுக்குச் சொல்லாதேங்கோ. அவ அதையும் இதையும் முடிச்சுப் போட்டிடுவா."

"சொல்லமாட்டன். நீர் முடிச்சுப் போடமாட்டீரோ?"

அவள் தலையணையைச் சரிசெய்தாள். சவர்க்காரம் முடிந்து நாடகம் வந்துவிட்டது.

குசினியில் எனக்கு இன்னொரு விசாரணை காத்திருந்தது. இன்றைக்கு எப்படி இருந்தாள்? நல்லா இருந்தாள். சிரித்தவளோ? சிரித்தவள். எதுக்கு? சவர்க்காரத்துக்கு. இப்படியாக அக்காவுக்குத் தெரியாமல் தங்கையும், தங்கைக்குத் தெரியாமல் அக்காவும், ஒருவருக்காக ஒருவர் மறைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் எல்லாம் தெரிந்தும் எதையும் சொல்ல முடியாமல் கதவடியில் நின்றேன். கிண்ணியா நண்பரிடம் யோசனை கேட்டேன். அவருக்குப் பெருநாள் முடிந்து, கோழி பிரியாணிக் களைப்பு. "இதுக்குச் சட்டம் இல்ல மச்சான்," என்று சொல்லிவிட்டார்.

நாடகத்துப் பிள்ளை சாகாமல் கிழமைக்கணக்கில் இழுத்தது. டொக்டர் கதவைத் திறந்து வருவார், கண்ணாடியைக் கழற்றுவார், பாட்டு வந்துவிடும். அடுத்த நாள் அதே கதவு, அதே கண்ணாடி. என் ஒரு வசனத்துக்கு இது வசதியாக இருந்தது. 'டொக்டர் வந்தார்.' மனைவியும் மேற்கொண்டு கேட்பதில்லை. கோவில் முற்றத்துப் பெண்களிடம், எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ என்று சொல்லிவைத்திருந்தாள்.

உயிர்ப்புக்கு முதல் நாள், பெரிய சனி. மனைவி இரவுப் பூசைக்காகக் கோவிலைக் கழுவிப் பூ வைக்கப் போயிருந்தாள். குசினியில் தேங்காய்ச் சத்தம் இல்லாததால் நாடகம் வழக்கத்தை விட உரத்துக் கேட்டது. டொக்டர் கதவைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்குப் பாட்டு வரவில்லை. சொல்லிவிட்டார்.

நான் மச்சாளைப் பார்த்தேன். இந்த முறை சரியான பக்கத்தைத்தான் பார்த்தேன். அவள் அழவில்லை. ரிமோட்டை எடுத்து ரீவியை நிற்பாட்டினாள். கொஞ்சம் தண்ணி தாங்கோ அத்தான் என்றாள். குடித்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"சொல்லமாட்டன் எண்டு சொன்னீங்கள்."

"சொல்லமாட்டன்."

நாடகத்துக்கும் உண்மைக்கும் தொடர்பில்லை என்பதை நான் அறிவேன். அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். மறுநாள் விடியும்போது அவளுக்கு நோவு எடுத்தது. அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட எனக்கு உதவிக்கு வரவில்லை.

ஓட்டோவில் பெரியாஸ்பத்திரி. பிள்ளை அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது. பெண். வரவேண்டிய காலத்துக்கு நிறைய முன்னதாகவே வந்துவிட்டதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். தாய்க்கு ஒன்றுமில்லை. பிள்ளையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. புல்மோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்த சகலனை மட்டும் ஒருமுறை உள்ளே விட்டுக் கண்ணாடிக்குள்ளால் காட்டினார்கள்.

"எப்பிடி?" என்று கேட்டேன் அவர் வெளியே வந்ததும்.

"ஒரு விளைமீன் அளவு அண்ணை," என்று கையால் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. பிறகு வாசலுக்குப் போனார். மனுசிக்கென்று வாங்கி வந்த வாழைப்பழச் சீப்பை, எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரிந்து மதிலோரம் வந்து நின்ற மான்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மான்கள் தோலோடு தின்றன.

நானும் மனைவியும் அந்த அறைக்கு வெளியே இருந்த வாங்கில் இருந்தோம். கதவு எப்போதாவது திறக்கும். தாதி ஒருத்தி தலையை நீட்டுவாள்.

"மிஸ், பிள்ளை?"

"இருக்கு."

கதவு மூடும். நானும் ஒரு குறிப்பெழுத்தன். ஆனால் இந்தப் பெண்ணுக்கு முன்னால் நான் வாய் ஓயாதவன். கை அசைக்குதோ, கண் திறந்ததோ, என்ன நிறம், அழுகிற சத்தம் கேட்குமோ என்றெல்லாம் மனைவி மூடிய கதவிடம் கேட்டாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அவளிடம் அதற்கு மேல் இல்லை. இருந்ததை முழுதாகத்தான் சொன்னாள்.

வெயில் ஏறியது. எங்கோ ஒரு கோவிலில் உயிர்ப்புத் திருநாளுக்கு மணி அடித்தார்கள். மனைவி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

"உயிர்ப்பு வந்திட்டுது. நேத்தி முடிஞ்சுது. இனிக் கேக்கலாம்."

"என்ன கேக்கிறது?"

"நாடகம். முதல்ல இருந்து சொல்லுங்கோ. சாம்பல் புதனில இருந்து. முழுக்கச் சொல்லுங்கோ."

நான் கதவைப் பார்த்தேன். வாங்கின் மறுபக்கம் இருந்த ஒரு கிழவரைப் பார்த்தேன். எவரும் எனக்கு உதவுகிற மாதிரித் தெரியவில்லை. கதை எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும். முடிவைச் சொல்லமாட்டேன் என்று, அந்தச் சுவருக்கு அப்பால் படுத்திருக்கிறவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் இருக்கவும் முடியாது. என் முகத்தை இவள் வாசிப்பாள். என்னுடைய அளவில் சொன்னால் தவக்காலம் முழுவதும் இரண்டு நிமிடத்தில் முடிந்து, டொக்டர் கதவைத் திறந்துவிடுவார்.

ஆகவே நான் கட்சி மாறினேன்.

"மாமியார் தலைமுழுகப் போனவ," என்று தொடங்கினேன். "அண்டைக்கு அவ கட்டியிருந்தது பாக்கு நிறச் சீலை. கரை மஞ்சள்."

"மஞ்சளோ?"

"மஞ்சள். ஆனா எலுமிச்சை மஞ்சள் இல்லை. பழுத்த மாம்பழ மஞ்சள்."

சீலையின் நிறம் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமிருந்ததைச் சொல்லி, இல்லாததை உண்டாக்கிச் சொன்னேன். சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியையும் தனித்தனியாகத் தொங்கவிட்டேன். யன்னல் சீலைக்குப் பின்னால் தெரிந்த காலுக்கு ஒரு கொலுசு போட்டேன். மூத்த மகன் வெளியூரிலிருந்து வந்த பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவரின் குடும்ப விவகாரம்வரை போனேன். மறுபக்கக் கிழவர் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார். கதவு இடையிடையே திறந்து, "இருக்கு," என்று மூடியது.

அன்றோடு முடியவில்லை. இதை எழுதும் இன்றைக்கும் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்தான். பின்னேரங்களில் அலுவலகம் விட்டு நேரே அங்கே போகிறேன். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் மனைவி ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கிறாள். நேர்த்தி முடிந்துவிட்டதே என்றால், பிள்ளை வரட்டும் என்கிறாள். வாங்கில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். பால் கொடுக்க வரும் மச்சாள் எங்களைத் தாண்டிப் போகும்போது, அக்கா பார்க்காத பக்கமாக என்னிடம் கேட்கிறாள்.

"எவ்வளவு தூரம் வந்திட்டீங்கள் அத்தான்?"

"மாடிப்படிக்கு வந்தாச்சு."

"ஏறியாச்சோ?"

"இன்னும் இல்லை."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகிறாள்.

நேற்று வேறு வழியில்லாமல் இளைய மருமகளைப் படியடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அந்தப் படிகளின் பளிங்கைப் பற்றிச் சொன்னேன். கைபிடிப் பித்தளையில் அவள் முகம் கோணலாகத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அண்டைக்கு, மாடிக்குப் போனாள் எண்டு மட்டும்தானே சொன்னீங்கள்," என்றாள் மனைவி.

"இது அதுக்குள்ள இருந்ததுதான்."

"கையில வளையல் போட்டிருந்தவளோ?"

"பச்சை வளையல். ரெண்டு கையிலயும்."

கதவு திறந்தது. தாதி எங்களைப் பார்த்தாள். இப்போது நாங்கள் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிடுகிறாள். "இருக்கு."

கதவு மூடிய பிறகும் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"இப்ப எந்தப் படியில நிக்கிறாள்?"

"முதலாம் படியில கால் வைக்கப் போறாள்."

"ஓம்," என்றாள். "ஆறுதலா ஏறட்டும்."